வயது ஏற ஏற உணவிலும் பழக்கத்திலும் எதை மாற்ற வேண்டும்?

ஐம்பதைத் தாண்டியாயிற்று, சர்க்கரை, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் குறைத்தாயிற்று, இன்னும் எதைக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குறைத்தது நல்லதுதான். ஆனால் இந்த வயதில் கூட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: தசை.

முப்பதுகளுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். போன தசையின் இடத்தில் கொழுப்பு வந்துவிடுவதால் எடை மெஷின் இதைக் காட்டாது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து பாருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்திருக்கலாம்.

என் அம்மா காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் அழுத்திப் பிடித்து, முன்னால் சாய்ந்து, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டுதான் எழுந்தார். காய்ச்சல் போய்விட்டது, கால் பலம் திரும்பி வரவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவர்களுக்கே கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. அதனால் வயதானவர்களை "சும்மா படுத்திருங்கள்" என்று அன்பாகச் சொல்வதைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது. மருத்துவர் படுக்கச் சொன்னால் ஒழிய, நாலு அடியாவது நடக்க வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். வயதானால் பசி குறையும், மெல்லவும் சிரமம். கடைசியில் கஞ்சி, ரொட்டி, பிஸ்கட் என்று மாவுச்சத்திலேயே நாள் ஓடிவிடும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நல்லது என்கிறார்கள். 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 7 கிராம்தான் இருக்கிறது என்பதால், நினைத்துச் சாப்பிட்டால்தான் இந்தக் கணக்கு நிரம்பும். வயதான தசைக்கு ஒரு வேளையில் கொஞ்சம் அதிகமாகவே புரதம் கிடைக்க வேண்டும், அதனால் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

புரதம் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் பலம் கூட, பாரத்துக்கு எதிராகத் தசை வேலை செய்ய வேண்டும். 1990-இல் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறிலேயே முடிகிறது என்றால் உங்களுக்கு ஏன் முடியாது? வாரத்தில் இரண்டு நாளாவது பலப் பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 65-க்கு மேல் என்றால் வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலேயே தொடங்கலாம்.

அப்புறம், தாக உணர்வும் வயதோடு மங்கும், தாகத்துக்குக் காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாக எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதன் அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.