நெட்டி முறிஞ்சா எலும்பு சேருமா? கைரோபிராக்டிக் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில பிசியோதெரபி பாக்கேன். முதுகெலும்பையும் மூட்டையும் கையால அமுக்கித் திருகி வலியைப் போக்குறதாச் சொல்லுத கைரோபிராக்டிக் வைத்தியத்தைப் பத்திக் கேட்டவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

முக்கூடல் அக்கா: இருவது வருசமா பீடி சுத்துதேன். கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கு. கைரோபிராக்டிக் பாக்குறவங்கட்ட போனா 'டப்'புனு சத்தத்தோட எலும்பு எடத்துல உக்காந்துருமாமே?

உக்காருத சத்தம் இல்லக்கா அது. விரல்ல நெட்டி முறிக்கோம்லா, அதேதான். மூட்டுக்குள்ள இருக்க திரவத்துல அழுத்தம் சட்டுனு குறைஞ்சு வாயுக் குமிழி உண்டாகுது. கொஞ்ச நேரம் லேசா இருக்கும். மறுநாளும் சுளகை மடியில வச்சுக் குனிஞ்சா வலி திரும்ப வந்துரும். சுளகுக்கு அடியில பலகை வச்சு உயத்துங்க, அரைமணிக்கு ஒருக்கா எந்திச்சு தோளை உருட்டுங்க.

மேலப்பாளையம் தம்பி: சலூன்ல முடி வெட்டுனதும் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்காங்களே, சுகமாத்தான் இருக்கு?

சரின்னு தலையை ஆட்டிராதீங்க, வேண்டாம்னு சொல்லிருங்க. கழுத்தெலும்புக்குள்ள வழியா மூளைக்கு ரத்தக்குழாய் போகுது. வெடுக்குனு திருகுனா அதோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனா படிச்சவங்க திருகுனாலும் இந்த ஆபத்து உண்டு. திருகுன பெறவு புதுசா தலைவலி, தள்ளாட்டம், ரெட்டைப் பார்வை, பேச்சுக் குழறல்னா நேரா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிதான்.

களக்காடு அண்ணன்: வாழைத்தார் சுமந்து இடுப்பு பிடிச்சு, வலி கால் வரைக்கும் இறங்குது. காலு முன்னால பொறந்தவரை வச்சு மிதிச்சும் பாத்தாச்சு.

மிதிச்சது போதும்ணே. கைரோபிராக்டிக்குக்கு ஓரளவு ஆதாரம் இருக்கது முக்கியமா இடுப்பு வலிக்குத்தான், அதுவும் உடற்பயிற்சி குடுக்க பலன் அளவுக்குத்தான். வலி கால்ல இறங்குறதால முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. மூத்திரம் போகலை, உக்காருத எடம் மரத்திருக்குன்னா அன்னைக்கே ஓடணும்.

கடையம் அத்தை: பேரனுக்கு ஆஸ்துமா, வீட்டுக்காரருக்குப் பிரஷர், காதும் மந்தம். எல்லாத்துக்கும் இந்த வைத்தியம் கேக்குமாமே?

கேக்காது அத்தை. 1895-ல அமெரிக்காவுல டேவன்போர்ட்ங்கிற ஊர்ல பாமர்னு ஒருத்தர், முதுகெலும்பை அமுக்கி ஒரு துப்புரவுத் தொழிலாளிக்குக் காது கேக்க வச்சேன்னு சொல்லித்தான் இந்த வைத்தியமே ஆரம்பிச்சுது. காதுலருந்து நரம்பு நேரா மூளைக்குப் போகுது, முதுகெலும்புக்கு அங்க என்ன வேலை? பேரனோட இன்ஹேலரை மட்டும் நிறுத்திராதீங்க.

அம்பை தம்பி: அம்மாவுக்கு 72 வயசு, முதுகுவலி. கூட்டிட்டுப் போகட்டா?

வேண்டாம். எலும்பு மெலிஞ்சிருந்தா அமுக்குன அமுக்குல ஒடிஞ்சிரலாம். ராத்திரியும் விடாத வலி, காய்ச்சல், உடம்பு மெலிவு இருக்கான்னு பாருங்க. முதுகெலும்புலயும் டிபி வரும், எக்ஸ்ரே எடுக்காம யாரையும் தொட விடாதீங்க.