புது பேட்டரி போட்டும் ‘டிக்’ சத்தம்தானா? எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: என் பழைய லாரி சில நாள் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. சில நாள் ‘டிக்’ என்று ஒரு சத்தம், டேஷ் விளக்கு மங்குகிறது, அவ்வளவுதான். புது பேட்டரி போட்டும் தீரவில்லை. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வந்து வந்து போகிற கோளாறு என்றால் முதல் சந்தேகம் இணைப்பின் மேல்தான். பாசிட்டிவ் வயரை எல்லாரும் ஆட்டிப் பார்க்கிறார்கள், பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கும் எர்த் வயரை யாரும் சீண்டுவதில்லை. செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் காரீயத் தூணில். தூணைக் கவ்வியிருக்கும் வயர் கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் கோளாறு தெரியாது. மறுமுனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடிவிடாமல் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஒருவர் சாவியைத் திருகட்டும். 0.2, 0.3 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் திருடன் அங்கேதான்.

இரண்டு பேட்டரி உள்ள 24 வோல்ட் வண்டியில் மட்டும் கவனம். இரண்டையும் இணைக்கும் குறுக்கு வயர் எர்த் அல்ல. அது நெகட்டிவ் தூணில் தொடங்குவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். அங்கே முனையை வைத்தால் மீட்டர் 10, 12 என்று காட்டும், நீங்கள் பதறுவீர்கள். அதைச் சேஸிஸில் தொடவிட்டால் ஒரு பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். எந்த நெகட்டிவிலிருந்து வயர் சேஸிஸுக்குப் போகிறதோ அதுவே எர்த். வயரைக் கையால் தடவிக்கொண்டே போய் உறுதி செய்யுங்கள்.

கழற்றும்போது எர்த்தை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். சேஸிஸ் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். வயர் நுனியில் உள்ள வளையத்தை (லக்) தூக்கினால் அடியில் பெயின்ட்டும் துருவும் படிந்திருக்கும். வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். வாசலின் அதற்கு மேல்தான், அடியில் அல்ல. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையையும் பாருங்கள். அது அறுந்திருந்தால் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சுடும், உறை உருகும். லூஸான கிளாம்புக்குள் ஆணி அடித்து இறுக்கும் வேலையை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள், காரீயம் மென்மையானது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பாகம் விற்றால் கமிஷன், கோளாறைக் கண்டுபிடித்தால் கூலிகூடக் கிடையாது என்றுதான் இந்தத் தொழிலையே வைத்திருக்கிறார்கள். பிறகு யார் மீட்டரை எடுப்பார்? உங்கள் பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுக் காசு பார்த்தவரும் அதைச் சுமை கொடுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்ட் செய்திருக்கமாட்டார்.

சுத்தம் செய்து மாட்டியபின் அதே இடத்தில் மறுபடி அளந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.3-க்குள் வந்தும் ‘டிக்’ சத்தம் தொடர்ந்தால் பாசிட்டிவ் பக்கத்தையும் இதேபோல் அளந்துவிட்டு, அதன்பின் செல்ஃபைக் கழற்றலாம்.