பகலில் தோளை விட்டு இறங்காத மகன்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை மாதம். இரவில் பாலுக்காக இரண்டு முறை எழுந்தாலும், குடித்ததும் தூங்கிவிடுகிறான். பகலில்தான் பாடாய்ப்படுத்துகிறான். தோளில் போட்டு நடந்தால் தூங்குவான். தொட்டிலில் போட்ட நொடியே கண்ணைத் திறந்துவிடுவான். தப்பித்தவறித் தூங்கினாலும் அரை மணி நேரம்தான். சாயங்காலம் ஆனால் ஒரே அழுகை. ஒன்றரை மணி நேரமாவது தூங்க வேண்டும் என்கிறது செல்போன் செயலி. ‘பகலில் தூங்கவிட்டால் ராத்திரி கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டிருப்பான்’ என்கிறார் மாமியார். அழவிட்டுப் பழக்கச் சொல்கிறாள் தோழி. சில நாள் அவனைத் தோளில் போட்டபடியே நானும் சோபாவில் கண்ணயர்ந்துவிடுகிறேன். இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும், மாமியார்தான் பார்த்துக்கொள்வார். அதற்குள் இவனைத் தொட்டிலில் தூங்கப் பழக்க முடியுமா? நான் என்ன தவறு செய்கிறேன்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சோபா விஷயத்தைத் தவிர (அதற்குப் பிறகு வருகிறேன்) தவறு என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மூன்றரை மாதத்தில் இரவு இரண்டே முறை எழுந்து, குடித்ததும் தூங்குகிற பிள்ளை கிடைப்பது பெரிய விஷயம். பகல் தூக்கம் இன்னும் கூடிவரவில்லை, அவ்வளவுதான். இந்த வயதில் அது கூடிவர வேண்டிய கட்டாயமும் இல்லை.

பிறக்கும்போது குழந்தைக்கு இரவு பகல் வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்தில்தான் ஓட ஆரம்பிக்கிறது. இருட்டியதும் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்கிற ஹார்மோனும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் ஒரு தாளத்துக்கு வருகிறது. அதனால் முதலில் சீராவது இரவுத் தூக்கம். பகல் தூக்கம் ஒழுங்குக்கு வரப் பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதம் ஆகிவிடும். உங்கள் மகன் இதே வரிசையில்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

அடுத்து அந்த அரை மணி நேரம். இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதில் கணிசமான பங்கு மேலோட்டமான தூக்கம். மூடிய இமைக்குள் விழி உருளும், உதடு சுழியும், முனகுவான், கை கால் வெட்டி இழுக்கும். ஒரு சுற்று முடிந்து அடுத்ததற்குப் போகிற இடத்தில் நமக்கும்கூட லேசாக விழிப்புத் தட்டும். புரண்டு படுத்துத் தூங்கிவிடுவோம், காலையில் அது நினைவில்கூட இருக்காது. குழந்தைக்கு அந்த இடத்தைத் தாண்டத் தெரியாது. இரவில் இருட்டும் நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பும் சேர்ந்து தாண்டவைத்துவிடுகின்றன. பகலில் அந்த உதவி இல்லை, விழித்துக்கொள்கிறான். எழுந்ததும் முகம் தெளிவாக இருந்தால் அந்த அரை மணி நேரமே அவனுக்குப் போதும் என்று எடுத்துக்கொள்ளலாம். சிணுங்கிக்கொண்டே எழுந்தால் இன்னும் தூக்கம் பாக்கி இருக்கிறது. தூக்கித் தோளில் போட்டு மிச்சத்தைத் தூங்கவையுங்கள்.

அந்தச் செயலியைக் கொஞ்ச நாள் திறக்காமல் இருப்பது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், நான்கிலிருந்து பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. அது இரவையும் பகலையும் சேர்த்து, ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு. ஒவ்வொரு பகல் தூக்கமும் இத்தனை நிமிடம் என்று அதில் இல்லை. அரை மணி நேரமாக நான்கைந்து தடவை தூங்கி எழுகிற குழந்தையும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடலாம்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பகலில் ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் தூங்கினால் பகலில் குடிக்க வேண்டிய பால் குறைந்து, இரவில் பசியாகத் திரும்பும். அப்படித் தூங்குகிற பிள்ளையை எழுப்பலாம். உங்கள் மகனின் அரை மணி நேரத் தூக்கத்துக்கு அது பொருந்தாது. விளையாட்டுக் காட்டி அவன் தூக்கத்தைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே தினமும் சாயங்காலம் பார்க்கிறீர்கள். தூக்கம் தாண்டிப்போன குழந்தை சீக்கிரம் தூங்காது; உடம்பை முறுக்கிக்கொண்டு அழும். சாயங்காலம் ஆனால் ஒரே அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ காரணம் காலையிலிருந்தே சேர்ந்துகொண்டு வருகிறது என்றுதான் படுகிறது.

ஆகவே எவ்வளவு நேரம் தூங்குகிறான் என்பதை விடுங்கள். எப்போது தூங்கவைக்க ஆரம்பிக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். இந்த வயதுக் குழந்தை ஒருமுறை விழித்தால் ஒன்றேகால் மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரைதான் சுகமாகத் தாங்கும். இது பிள்ளை வளர்த்தவர்களின் அனுபவக் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் நேரத்தைக் கண் திறந்ததிலிருந்து எண்ண வேண்டும். பால் கொடுத்து, ஏப்பம் எடுக்கவிட்டு, துணி மாற்றி முடிப்பதற்குள்ளேயே முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். காலையில் எழுந்த பிறகு வரும் முதல் இடைவெளிதான் எல்லாவற்றிலும் சின்னது. ‘இப்போதுதானே எழுந்தான்’ என்று விட்டுவிடுவதும் அங்கேதான்.

கடிகாரத்தோடு முகத்தையும் பாருங்கள். கண்ணைக் கசக்குவதையும் காதை இழுப்பதையும் எல்லோரும் தூக்கத்தின் அறிகுறி என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்குள் கொஞ்சம் நேரம் கடந்துவிட்டது. அதற்கு முன்பே ஒரு சின்ன மாற்றம் நடக்கும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். நீங்கள் கூப்பிட்டால் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்ப்பான். உதைத்துக்கொண்டிருந்த கால் மெதுவாகும். பார்வை ஒரே இடத்தில் நிற்கும். சில குழந்தைகளுக்குப் புருவத்தைச் சுற்றி லேசாகச் சிவக்கும். இரண்டு மூன்று நாள் உன்னிப்பாகக் கவனித்தால் உங்கள் மகனுடைய அறிகுறி எது என்று பிடிபட்டுவிடும். அது தெரிந்த உடனே கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குத் தூக்கிப் போங்கள். ‘போதும், ரொம்ப விளையாடிவிட்டேன்’ என்றுதான் முகத்தைத் திருப்பினான் என்றாலும் பாதகமில்லை; அப்போதும் அவனுக்கு வேண்டியது அமைதிதான்.

அறைக்குள் போனதும் தினமும் ஒரே மாதிரி நான்கைந்து நிமிடம். திரையை இழுத்துவிடுங்கள், துணி மாற்றுங்கள், ஒரே தாலாட்டைப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்ற கவலை வேண்டாம், அவன் குறை சொல்லப்போவதில்லை. பிறந்த புதிதில் வெளிச்சத்திலும் சத்தத்திலும் தூங்கியவன், மூன்று மாதம் தாண்டினால் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவான். அதனால் தூங்கும்போது மங்கலான அறை இப்போது உதவும். விழித்திருக்கும் நேரத்தில் நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்வது அதுதான்.

சரி, தொட்டிலில் போட்டதும் விழிப்பதற்கு வருகிறேன். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா என்பவரின் குழு 21 குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்துகொண்டே, அம்மா அவர்களைத் தூக்கி நடப்பது, உட்கார்ந்து வைத்திருப்பது, படுக்கவைப்பது என்று செய்துபார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் உங்களுக்குப் பயன்படும். குழந்தையை உஷார்ப்படுத்துவது முதுகு படுக்கையில் படுவது என்றுதானே நாம் நினைக்கிறோம்? அம்மாவின் உடம்பிலிருந்து பிரிய ஆரம்பிக்கிற அந்தக் கணத்திலேயே துடிப்பு மாறிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். தூங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கவைத்த குழந்தைகள் விழிக்காமல் இருந்ததையும் கவனித்தார்கள். அவர்கள் சொன்ன வழி இது: அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல், ஒரே சீராக ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே படுக்கவைக்காமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்கார்ந்து வைத்திருந்துவிட்டுப் பிறகு படுக்கவைக்க வேண்டும்.

அந்த எட்டு நிமிடத்தைத்தான் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம். கண் மூடியதும் ‘அப்பாடா’ என்று தொட்டிலை நோக்கி ஓடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். அவன் கையை லேசாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள், தொப்பென்று விழுந்தால் ஆழ்ந்து தூங்குகிறான். அப்புறம் நன்றாகக் குனிந்து, உங்கள் நெஞ்சோடு ஒட்டியபடியே இறக்கி, முதலில் பிட்டம், அடுத்து முதுகு, கடைசியில் தலை என்று படுக்கவையுங்கள். தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் விழுகிற மாதிரி தோன்றி இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடுவான். அந்தப் பழக்கம் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடும். படுக்கவைத்த பிறகும் ஒரு கை நெஞ்சின் மேல் ஒரு நிமிடம் இருக்கட்டும். துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்கவைக்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். புரள முயல ஆரம்பித்தால் அதைக் கட்டாயம் நிறுத்தியாக வேண்டும். இவன் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டான். இனிமேல் புதிதாக ஆரம்பிக்காதீர்கள்.

இதை எல்லாத் தூக்கத்துக்கும் செய்யப் புறப்பட்டால் நீங்கள்தான் சோர்ந்துபோவீர்கள். தொட்டிலுக்கு நாளுக்கு ஒரு தூக்கம் போதும். அது காலையின் முதல் தூக்கமாக இருக்கட்டும், அதுதான் லேசாக வரும். பதினைந்து, இருபது நிமிடம் முயன்றும் முடியவில்லையா, எழுந்து வெளியே வந்து கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு மறுபடி பாருங்கள். பழகிய பிறகு ஒரு நாள், அரைத்தூக்கத்தில் இருக்கும்போதே படுக்கவைத்துப் பாருங்கள். முனகினால் தட்டிக்கொடுங்கள், அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள். மற்றத் தூக்கங்கள் தோளிலோ மடியிலோ நடக்கட்டும். அதனால் பிள்ளை கெட்டுப்போய்விடாது.

தோழி சொன்ன வழி இப்போது வேண்டாம். அழவிட்டுப் பழக்குவதைச் சோதித்த முக்கியமான ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளை வைத்து, அதுவும் இரவுத் தூக்கத்துக்காக நடந்தவை.

இப்போது சோபா. இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குழந்தையோடு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ தூங்கவே கூடாது. தூக்கத்தில் கை தளர்ந்தால் குழந்தை உங்களுக்கும் மெத்தைக்கும் நடுவே சரிந்து மூச்சு அடைத்துவிடும். தூக்கத்திலேயே நேரும் திடீர் சிசு மரணம் ஒன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள்தான் அதிகம். உங்கள் மகன் அந்த வயதில் இருக்கிறான். கண் சொருகுகிறது என்று தெரிந்தால், அவன் விழித்தாலும் பரவாயில்லை என்று தொட்டிலில் போட்டுவிடுங்கள், அல்லது வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். படுக்கை கெட்டியாக, தட்டையாக இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். கார் இருக்கையில் தூங்கிப்போனால், போக வேண்டிய இடம் வந்ததும் எடுத்துத் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள். தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சு சிரமப்படும். சத்தத்தை மறைக்க இரைச்சல் எழுப்பும் கருவி வைப்பதானால் இரண்டு மீட்டராவது தள்ளி, மெல்லிய ஒலியில் இருக்கட்டும்.

எடை ஏறவில்லை, சிறுநீர்த் துணி நாளுக்கு ஆறுக்குக் குறைகிறது, தூக்கத்தில் குறட்டையோ மூச்சுத் தடையோ இருக்கிறது, எழுப்பினாலும் எழ மறுக்கிறான் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, இது இரண்டு வாரமாக நீடிக்கிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி வேலைக்குப் போவதைப் பற்றி. அப்போது அவனுக்கு ஐந்தரை மாதம் ஆகியிருக்கும். பகல் தூக்கம் தானாகவே கொஞ்சம் நீண்டு, மூன்று தடவையாகக் குறைய ஆரம்பிக்கிற வயது அது. குழந்தைகள் ஆளுக்கு ஒரு மாதிரி பழகிக்கொள்வார்கள். உங்களிடம் தோளில் தூங்குகிறவன் பாட்டியிடம் தட்டிக்கொடுத்தாலே தூங்கலாம். அதைக் கண்டுபிடிக்க அவருக்கும் நாள் வேண்டும். அடுத்த வாரத்திலிருந்தே மத்தியானத் தூக்கத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். “அத்தை, இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தூக்கம் வருகிறது என்று அர்த்தம், நீங்களும் பாருங்களேன்” என்று சொல்லிவிடுங்கள். பகலில் தூங்கலாமா கூடாதா என்ற வாக்குவாதமே தேவைப்படாது. அந்த நேரம் நீங்கள் வேறு அறையில் இருங்கள். உங்கள் குரலோ வாசனையோ பக்கத்தில் இருந்தால் அவன் பாட்டியிடம் அடங்க மாட்டான். முதல் சில நாள் அழுகை கேட்டாலும் அவர் கூப்பிடாமல் உள்ளே போகாதீர்கள். அவன் தனியாக அழவில்லை, தூக்கிவைத்திருக்க ஆள் இருக்கிறது.