கேள்வி-பதில்: விடிந்ததும் எந்த பஸ்?

கேள்வி: என் நாவலின் நாயகன் பதினேழு வயது கானா பாடகன். சாவு வீடு, கச்சேரி என்று வட சென்னை முழுக்கச் சுற்றுகிறவன், கடைசியில் ‘இதுதான் என் இடம்’ என்று உணர்கிறான். பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. வட சென்னை என்றால் ரவுடியும் ரத்தமும் இருந்தால்தான் அச்சேறுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கேள்வியோடு அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். ரத்தம் இல்லாதது எனக்குக் குறையாகப் படவில்லை. பையன் நான்கு இடத்தில் பாடுகிறான். ஓரிடத்திலாவது யாராவது காசு கொடுக்கிறார்களா? டோலக் அடிக்கிறவருக்கு எவ்வளவு, இவனுக்கு எவ்வளவு என்று ஒரு சண்டை? கண்ணை மூடிப் பாடுகிறான், நிலா காய்கிறது. அவ்வளவுதான்.

சாவு வீட்டில் கானா பாடுகிறவன் போனதும் மைக்கைப் பிடித்துவிட மாட்டான். சாமியானாவுக்குள் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு மாமாவிடம், “தாத்தாவுக்கு எத்தினி புள்ளைங்க? பெரியவரு பேரு இன்னா? தாத்தா இன்னா வேலை பாத்தாரு?” என்று விசாரித்துக்கொள்வான். பாட்டில் தன் பேர் வந்த பிறகுதான் மூத்த மருமகனின் கை சட்டைப் பைக்குப் போகும். செத்தவர் பின்னி மில் தொழிலாளி என்றால், 1996இல் மூடிய மில்லை, அதற்கு அப்புறம் பிறந்த பையன் பாடியாக வேண்டும். ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் கூட வேலை பார்த்த கிழவர்கள் இருப்பார்கள். தப்பாகப் பாடினால் விடுவார்களா? இதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் இன்னொரு வரி: அவன் குடும்பத்தை நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஐயா, நாவலே அங்கேதான் இருக்கிறது! பழைய தெருவில் யார் செத்தாலும் அவனுக்குப் போன் வரும், பதினாறாம் நாள் படத்திறப்புக்கும் வரும். விடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குள் போய்விட, இவன் இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். அந்தத் தெருவில் எல்லா வீட்டுப் பேரும் அவனுக்கு மனப்பாடம், தலைசாய்க்க ஒரு திண்ணை கிடையாது. ‘இதுதான் என் இடம்’ என்று அவனை நினைக்க வைக்காதீர்கள். யாராவது ஒரு அத்தை, “இங்கியே படுத்துக்கடா, மத்தியானம் போலாம்” என்று பாயை எடுத்துப் போடட்டும்.

ரவுடி தானாக வந்தால் வரட்டும், பதிப்பகத்துக்காக வரவழைக்க வேண்டாம். அப்புறம், முதல் அத்தியாயத்தில் மே மாதம் காசிமேட்டிலிருந்து விசைப்படகு கடலுக்குப் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதை இன்றைக்கே திருத்துங்கள்.