காலுக்குள் ஒரு புட்வால்வு

கேள்வி: பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க. காலையில எட்டரைக்கு நின்னா சாயங்காலம் வரைக்கும் நின்னபடிதான். ரெண்டு வருசமா இடது கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு பச்சையாப் புடைச்சிருக்குது. பொழுது சாய்ஞ்சா கால் வீங்கிக் கனக்குது. நரம்பு மாத்திரைக்கும் கேக்கலை. இதயக் கோளாறா இருக்குமாங்க?
— வாசகி, அவிநாசி

பதில்: அது நரம்பே இல்லைங்க, சிரை. ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற குழாய். நரம்பு மாத்திரை எப்படிக் கேட்கும்?

இதயத்தின் இடது கீழறை ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தை 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தள்ளுகிறது. மயிரிழை போன்ற நுண்குழாய்களான தந்துகிகளைத் தாண்டிச் சிரைக்கு வரும்போது அந்த விசையில் பத்துப் பதினைந்துதான் மிச்சம். ஆனால் நிற்பவரின் கணுக்காலுக்கும் இதயத்துக்கும் நடுவே ஏறக்குறைய நாலடி உயரம். அந்த ரத்தத்தின் கனமே கணுக்கால் சிரையை 80, 90 மி.மீ. அளவுக்கு அழுத்தும். நடந்தால் கெண்டைச் சதை சுருங்கிச் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளிவிடும், அழுத்தம் 30-க்கு இறங்கிவிடும்.

ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் பிடிப்பது சிரைக்குள் இருக்கும் வால்வுகள். கிணற்றுக் குழாயின் அடியில் புட்வால்வு செய்கிற அதே வேலை. ஒரே வித்தியாசம், காலில் ஒன்றல்ல, வரிசையாகப் பல. அசையாமல் நின்றால் பிழிகிற வேலை நின்றுபோகும். சிரை விரியும், வால்வின் இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாமல் ஒழுகும். ஒன்று ஒழுகினால் அதன் சுமை கீழே உள்ளதன் தலையில். அதுவும் போகும்.

செக்கிங் டேபிளில் நின்றபடியே கால் மணிக்கு ஒருதரம் குதிகாலைத் தூக்கித் தூக்கி 20 முறை இறக்குங்கள். வீட்டுக்குப் போனதும் பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி 15 நிமிடம் படுங்கள். அழுத்தக் காலுறை 20–30 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் அளவில் கிடைக்கும். வீக்கம் இல்லாத காலை நேரத்தில் அளவெடுத்து வாங்கி, படுக்கையை விட்டு எழும் முன்பே மாட்டி, ராத்திரி கழற்ற வேண்டும். பலர் வீங்கிய பிறகு மாட்டுகிறார்கள், அதில் பாதிப் பயன் போச்சு. சர்க்கரை உள்ளவர்களும், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் விடுகிறவர்களும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனி நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடலாம். எந்த வால்வு ஒழுகுகிறது என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். உள்கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தாலோ புண் ஆறாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

இதயத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். (பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கும் கணுக்கால் வீங்குவதுண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.) ஒரே கால் திடீரென வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவவே கூடாது. உள்சிரையில் கட்டிய ரத்தம் கழன்று, வலது இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சினால் உடனே படுத்துக் காலைத் தூக்கி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள்.

கேள்வி: இதயம் எத்தனை எச்பி மோட்டாருங்க?
— வாசகர், காங்கயம்

பதில்: ஓய்வில் சுமார் ஒன்றேகால் வாட். ஒரு எச்பி என்பது 746 வாட். ஆக, அதில் அறுநூறில் ஒரு பங்கு. இதை வைத்தே நாளொன்றுக்கு 7,200 லிட்டர் இறைக்கிறது, இருக்கிற 5 லிட்டரையே திரும்பத் திரும்ப.

இறைப்பதில் இருபதில் ஒரு பங்கைத் தானே குடித்துக்கொள்ளும் மோட்டார் இது. இடது கீழறைச் சதை அதைப் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் குடிக்கும். துடிப்பு கூடினால் அந்த இடைவெளி சுருங்கும், தேவையோ ஏறும். அதனால்தான் இதயத் தமனி சுருங்கியவருக்குச் சிவன்மலைப் படி ஏறும்போது நெஞ்சை அடைத்து, உட்கார்ந்தால் தெளிகிறது. படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜியில் இது தெரியாமலே போகலாம். படியில் அடைத்ததைச் சொல்லிக் கேட்டால்தான் நடக்க வைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனைக்கு எழுதுவார்கள்.