சப்ளின் போட்ட கையெழுத்தா, செக்ரட்டரி போட்டதா?

வணக்கம் அண்ணா,
அப்பப்பாட றங்குப்பெட்டிக்குள்ள ரெண்டு பழைய படம் கிடைச்சுது. ஒண்டு சார்லி சப்ளின், மற்றது ஊமைப்பட நடிகர் ருடோல்ஃப் வலன்டினோ, ரெண்டிலயும் கையெழுத்து இருக்கு. சப்ளின் கொழும்புக்கு வந்தவராம், அப்ப வாங்கினதா இருக்கும் எண்டு பெரியப்பா சொல்லுறார். இது அசலா? என்ன விலை போகும்? லமினேட் பண்ணி வைக்கலாமா?
வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகர்

தம்பி, முதல்ல உங்கட கடைசிக் கேள்வி. லமினேட் பண்ணிடாதீங்கோ. சூடும் பசையும் ஏறினா பிறகு கழட்ட ஏலாது, படமும் போச்சு விலையும் போச்சு.

பெரியப்பா சொன்னது சரிதான், சப்ளின் 1932ல உலகம் சுத்தேக்க இலங்கைக்கு வந்து கண்டிக்கும் போனவர், ஆனா அதை வச்சு உங்கட படத்தில அவர்தான் சைன் வச்சவர் எண்டு சொல்லேலாது. அந்தக் காலத்து ஹொலிவூட் ஆக்களுக்கு ரசிகர் கடிதம் மூட்டை மூட்டையா வரும், எல்லாத்துக்கும் அவையே இருந்து எழுத ஏலுமே, அதால செக்ரட்டரி எழுதுவா, ரப்பர் சீல் குத்துவினம், இல்லாட்டி நெகட்டிவ்லயே கையெழுத்தைப் போட்டு அப்பிடியே பிரிண்ட் அடிச்சு அனுப்புவினம்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில சரிச்சுப் பிடிச்சு பூதக்கண்ணாடியால பாருங்கோ. மை பேப்பருக்கு மேல தனியாத் தெரியுதா, பேனை அழுத்தின தடம் இருக்கா? படத்தின்ர மினுக்கம் கையெழுத்துக்கு மேலயும் அதே மாதிரி ஓடுதெண்டா அது பிரிண்ட். பிறகு காசு பாக்கிற யூவி லைட்டை இருட்டில அடிச்சுப் பாருங்கோ, பேப்பர் நீலமாப் பளிச்செண்டு எரிஞ்சா அது 1950களுக்குப் பிறகு வந்த பேப்பர், வலன்டினோ 1926லயே 31 வயசில செத்திட்டார், ஆர் சைன் வச்சது? சப்ளின் 1977 வரைக்கும் இருந்தவர், அதால அவருக்கு இந்த டெஸ்ட் உதவாது. ஓரத்தில கறுப்பான இடங்கள் வெள்ளி மாதிரி மினுங்கினா துடைச்சிடாதீங்கோ, அது பழசானதால வாறது.

விலையைப் பற்றிக் கேட்டா, படத்தைக் கையில எடுத்துப் பாக்காம விலை சொல்லுற ஆக்களை நான் நம்பிறேல்ல, நானும் சொல்லமாட்டன். வலன்டினோ இளவயசில போனவர், அசல் அருமை, அதாலேயே கள்ளக் கையெழுத்தும் கூட. அந்தக் காலத்து ஊமைப்பட நடிகை லிலியன் கிஷ் 1993ல 99 வயசில போனவ, வயசான காலத்திலயும் ரசிகர்களுக்கு சைன் வச்சுக் குடுத்தவ, புதுசா சேர்க்கத் தொடங்கிற ஆக்களுக்கு நான் அவவைத்தான் சொல்லுவன்.

ஆனா தம்பி, பெட்டியை இன்னொருக்கா வடிவாக் கிண்டுங்கோ. அமெரிக்க முத்திரை ஒட்டி அப்பப்பாட பேரும் சிலோன் அட்ரஸும் எழுதின என்வலப் ஒண்டு கிடைச்சா, உள்ளுக்க இருக்கிற சைன் செக்ரட்டரி போட்டதெண்டாலும் பரவாயில்ல, எனக்கு அதுதான் வேணும். சீல்ல திகதி இருந்தா படம் எப்ப வந்ததெண்டும் பிடிச்சிடலாம்.

உங்கட வீடு கடல் பக்கம், பூஞ்சணம் கெதியாப் பிடிக்கும். பிவிசி கவர் வேண்டாம், பொலியெஸ்டர் கவர்ல போட்டு, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பக்கெட்டும் வையுங்கோ. ரெண்டு படத்தின்ர பின்பக்கத்தையும் போன்ல எடுத்து அனுப்புங்கோ, ஸ்டூடியோ சீல் ஏதும் இருந்தா மிச்சத்தைக் கதைப்பம்.