‘காவல் மரணம்’ பெரிய தலைப்பு, ரிமாண்டை எடுங்க

எல்.எல்.எம். ஆய்வுக்கு ‘இந்தியாவில் காவல் மரணங்கள்’னு கொடுத்த தலைப்பை வழிகாட்டி திருப்பி அனுப்பிட்டார்னு எழுதியிருந்தீங்க. கோபப்படாதீங்க, அவர் செஞ்சது சரிதான். அந்தக் கடலை ஒரு ஆய்வேட்டுல அடக்க முடியாது.

ரிமாண்டை, அதாவது கைதானவரைக் காவல்ல வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போடுற கட்டத்தை மட்டும் எடுங்க. கைதானவரை 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அரசமைப்புச் சட்டம் 22(2) சொல்றது அது. சாத்தான்குளம் (2020) விவகாரத்துலயும் பெரிசா எழுந்த கேள்வி, ரிமாண்ட் எப்படி நடந்துச்சுங்கிறதுதான். என் ஆய்வுக்காக நான் கோர்ட்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஒரு பையன் ஒரே கால்ல பாரத்தைப் போட்டு நிக்கிறான். “போலீஸ் மேல புகார் ஏதும் இருக்கா?”னு மாஜிஸ்திரேட் கேட்கிறார். பையன் பக்கத்துல நின்ன காவலரைப் பார்த்துட்டு, “இல்லைங்கய்யா.” முடிஞ்சது. அடுத்த கேஸ்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல பிரிவு 53 (மருத்துவப் பரிசோதனை), 187 (ரிமாண்ட்) ரெண்டையும் அதோட பழைய சட்டமான சி.ஆர்.பி.சி. 54, 167-ஓட ஒப்பிட்டுப் படிங்க. கைது, காவல் பத்தி உச்ச நீதிமன்றம் சொன்ன டி.கே. பாசு தீர்ப்போட 11 கட்டளைகளையும் வரிசையா எழுதிப் பக்கம் நிரப்பாதீங்க, எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில இந்தியா 1997-ல கையெழுத்து போட்டும் இன்னும் ஏற்புறுதி செய்யலை, அதாவது அதுக்குக் கட்டுப்படுறோம்னு முறைப்படி ஏத்துக்கலை. அதுக்கு ஒரு அத்தியாயம் தாராளமா கொடுக்கலாம்.